தொப்பை அப்பா படம்

வாலுக்குட்டி,

சாவியைக் கண்ட இடத்தில் போடாமல் ஆணியில் மாட்டு. சாப்பாடு டப்பாவில் இருக்கிறது. நான் டிப்போவிலிருந்து வரும்வரை பக்கத்து வீட்டு அத்தை துணைக்கு வருவார்.

நீ யாரோடு இருப்பது நல்லது என்று பார்க்க, கோர்ட் அனுப்பிய கவுன்சிலர் மேடம் அன்றைக்கு வந்தாரே. அவரிடம், "நான் வரைஞ்சு சுவர்ல ஒட்டின படத்தையெல்லாம் அப்பா பீரோக்குள்ள ஒளிச்சிட்டார்" என்று போட்டுக்கொடுத்து, அவர் எதிரிலேயே என்னோடு சண்டை போட்டாய். மேடம் வரும்போது வீடு சுத்தமாகத் தெரியட்டும் என்றுதானே எடுத்தேன் என்று நானும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டேன்.

வக்கீல் இப்போதுதான் போன் செய்தார். "இந்தப் பெண் அப்பாவிடம் பயமே இல்லாமல் சண்டை போடுகிறாள்" என்று மேடம் எழுதியிருந்ததை ஜட்ஜ் சிரித்துக்கொண்டே படித்தாராம். இனி பாதி வாரம் அம்மா வீடு, பாதி வாரம் நம் வீடு.

படங்களை எடுத்துப் பழையபடி ஒட்டு.

பி.கு.: தொப்பை அப்பா படத்தை மட்டும் நானே வாசலுக்கு நேராக ஒட்டிவிட்டேன். என் தொப்பை அவ்வளவு பெரிசில்லை. அந்தச் சண்டையை ராத்திரி வந்து போட்டுக்கொள்கிறேன்.