சொல்தா தாத்தாவுக்குச் சாமந்தி

பாரிஸ்

அன்புள்ள அப்பாவுக்கு சிந்தியாவின் வணக்கம். முட்டிவலி குறைந்திருக்கிறதா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா? மாதா புண்ணியத்தில் நான் நன்றாக இருக்கிறேன்.

பிரெஞ்சுப் படையில் சேர்ந்து முதல் உலகப் போரில் இறந்துபோன நம் சொல்தா தாத்தாவின் கல்லறையை வீட்டில் ஒருவராவது பார்த்துவர வேண்டும் என்பீர்களே, கல்லறைத் திருநாளன்று போகிறேன். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். ரயிலில் போகத்தான் நினைத்தேன். ஆனால் ஸ்டேஷனிலிருந்து கல்லறை இருக்கும் கிராமத்துக்கு அன்றைக்குப் பஸ் கிடையாதாம். டிக்கெட் கவுண்டரிலேயே கண் கலங்கிவிட்டது. குளிர்தான், வேறொன்றும் இல்லை.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் அமினாத்தாவிடம் இதைச் சொன்னேன். செனகல் நாட்டுக்காரி.

"எங்க வீட்டுப் பெரியவரு ஒருத்தரும் அந்தப் போருக்குத்தான் வந்தாரு. எங்க பொதச்சாங்கன்னே தெரியல. உங்க தாத்தாவுக்காவது பூ வைப்போம், நான் கார் எடுத்துட்டு வரேன்" என்றாள். எனக்காகத் தன் லீவையும் மாற்றிக்கொண்டாள். இப்படி ஒருத்தியை எனக்குக் கொடுத்ததற்குக் கடவுளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இங்கேயும் கல்லறைக்குச் சாமந்திதான் வைக்கிறார்கள் அப்பா. ஒரு தொட்டி வாங்கி ஜன்னலோரம் வைத்திருக்கிறேன்.

அங்கே ஆயிரக்கணக்கான சிலுவைகள் இருக்குமாம். தாத்தாவின் ஞானஸ்நானப் பெயர் எனக்குத் தெரியாது. தவளக்குப்பம் அத்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள். மெசேஜ் வேண்டாம், ஃபோனிலேயே சொல்லுங்கள். அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு மூன்று முறை மெதுவாகச் சொல்லுங்கள். நான் தப்பாகக் கேட்டுவிடக் கூடாது.

வேலைக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்
சிந்தியா