பதின்மூன்று விருந்தும் ஒரு திறப்பும்

பாலாவி
திங்கட்கிழமை

என் அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தை வெள்ளிக்கிழமை தொலைபேசியில் மாமி மூன்று தரம் விசாரித்துவிட்டதால் நான் மறுபடி கேட்கவில்லை. தொலைபேசியைக் கதிரையில் வைத்து வீடே சுற்றி நின்று கேட்கும்போது மனைவி என்னத்தைக் கதைப்பது? அதுதான் இந்தக் கடிதம். நாளை கட்டாருக்கு வரும் றைஸாவின் மாப்பிள்ளை உங்கள் கையில் தருவார்.

முதலில் சந்தோஷச் செய்தி. நம் வீடு பூசி முடிந்துவிட்டது! ஐந்து வருடமாக மாமி வீட்டில் சேலைத் திரைக்கு இந்தப் பக்கம் குடும்பம் நடத்திய நமக்குக் கதவு போட்ட அறை கிடைத்திருக்கிறது, மச்சான். அந்தக் கதவைச் சாத்துவதும் திறப்பதுமாகவே ஒரு பின்னேரம் போய்விட்டது.

இது முடிந்த விதத்தைக் கேளுங்கள். நான்கு பேர், பத்து நாள் வேலை என்றார் மேசன் பீற்றர். நீங்கள் வரவும் பத்து நாள்தான் இருந்தது. வேலை தொடங்கும் அன்று காலையே இரண்டு பேர் தலவில தேவாலயத் திருநாளுக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என் தரம் ஒன்பது பிள்ளைகளுக்கு அன்று நேர்மாறு விகிதசமன் பாடம். என் வீட்டையே கணக்காகக் கொடுத்தேன். ஆள் பாதியானால் நாள் இரட்டிப்பு, இருபது நாள். கரும்பலகையில் விடையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கணக்குப் பிழையாக்கும் என்று பிள்ளைகள் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள், பாவம். அதே இருபது.

இதை அஸீஸா சாச்சியிடம் மட்டும் சொன்னேன். சாச்சியிடம் சொன்னால் போதாதா? மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஆறு பேர் மண்வெட்டியோடு வந்து நிற்கிறார்கள்! பீற்றருக்குச் சுவர் பூசுவது மட்டும்தான் வேலை. சாந்து குழைப்பது, மணல் அள்ளுவது எல்லாம் அவர்கள். எட்டுப் பேர், ஐந்தே நாள். புத்தகம் சொன்னது பொய்யில்லை.

கூலி பேசப் போனேன், அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. காசு வேணாம் புள்ள, முஸம்மில் வந்தா எங்கட ஊட்ட ஒரு ராச்சோறு திண்டாப் போதும் என்று உப்பு லொறி ஓட்டும் ஜபார் நானா தொடங்கிவைத்தார். அவ்வளவுதான். தண்ணீர் சுமந்தவர்கள், தேத்தண்ணி கொண்டுவந்தவர்கள், நண்டுக் கறியோடு பீற்றர் என்று பதின்மூன்று வீடு சேர்ந்துவிட்டது. உங்கள் விடுமுறையோ பதினான்கு நாள்.

விருந்து வீட்டில் நீங்கள் ஆண்களோடு ஒரே சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். நான் குசினியில் அடுப்பருகே பெண்களோடு. கூப்பிடும் வீடு கூடக் கூட என் பங்குக்கு நீங்கள் குறைகிறீர்கள். ஒருவரையும் மறுக்க எனக்கு மனமில்லை. அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கதவே இல்லை.

ஆகவே ஒரு கெஞ்சல். சனிக்கிழமை வருவதாகத்தானே எல்லாருக்கும் சொல்லியிருக்கிறீர்கள்? அது அப்படியே இருக்கட்டும். நீங்கள் வியாழக்கிழமையே வந்துவிடுங்கள். புது வீட்டுப் பூட்டின் திறப்பு என்னிடம் இருக்கிறது. புதுப் பூச்சு வெடிக்காமல் தண்ணீர் தெளிக்க வேண்டும், இரண்டு நாள் அங்கேயே தங்கப் போகிறேன் என்று மாமியிடம் சொல்லிவிட்டேன்.

மாமி அலுமாரியைத் திறந்து தலையணை எடுத்துத் தந்தார். இரண்டு.

அல்லாஹ் உங்களைச் சுகமாக, சனிக்கிழமைக்கு முன்னால் கொண்டுவந்து சேர்ப்பானாக.

உங்கள்
ஷஃபீனா