வெண்ணெய் கெட்டுத்தான் போயிருந்தது

அன்புத் தங்கைக்கு,

பேக்கரி அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். அதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு. நீயும் குழந்தைகளும் சுகமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். உன் அண்ணனிடம் மூன்று நாள் நடையாய் நடந்து இந்த முகவரியை வாங்கினேன்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வெண்ணெய் கெட்டுத்தான் போயிருந்தது. "அக்கா, சிக்கு வாடை அடிக்குது, போடாதீங்க" என்று நீ சொன்னாய். நான் டின்னை முகர்ந்து பார்த்துவிட்டு, "உனக்கு உடம்பு வளையல, அதான் சாக்கு சொல்ற" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கத்தினேன். ஒரு வருஷம் என்னிடம் தொழில் பழகியவள் நீ. ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனாய். அன்று போட்ட பன் எல்லாம் சாயங்காலத்துக்குள் திரும்பி வந்தது. கெட்ட வெண்ணெயைக் கலந்தவளே நீதான் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன்.

உண்மை என்னவென்றால், நான் படுத்த படுக்கையாய்க் கிடந்த அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு வாசனையே தெரிவதில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. மூக்கு போன பேக்கரிக்காரியிடம் யார் வந்து வாங்குவார்கள்? பிள்ளையின் தலையை முகர்ந்தாலும் சுவரை முகர்ந்தது போலத்தான் இருக்கிறது.

நீ போனதும் 'வேலை பழக ஆள் தேவை' என்று பலகை வைத்தேன். மூன்று பேர் வந்தார்கள். பெரிய பரீட்சை வைப்பவள் மாதிரி ஒரே வெண்ணெய் டின்னை மூவரிடமும் நீட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முதல் ஆள் கெட்டுவிட்டது என்றான். அடுத்து வந்த அம்மா அருமையான வெண்ணெய் என்றாள். யார் சொன்னது சரி என்று கேள்வி கேட்ட எனக்கே தெரியாது. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். மூன்றாவது ஆள், "நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படிங்க" என்றான். புத்தி கெட்டவள், அவனைத்தான் வைத்துக்கொண்டேன்.

போன திங்கட்கிழமை காலை அடுப்பைப் பற்றவைக்க லைட்டரை எடுத்தேன். பக்கத்தில் நின்ற அந்தப் புது ஆள் இரண்டடி பின்னால் போனான். பள்ளிக்கூடப் பையை எடுக்க வந்த சின்னவள், "அம்மா, கேஸ் நாத்தம், பத்த வைக்காத" என்று அலறினாள். குழாய் விரிசல் விட்டிருந்தது. அலற அவளுக்கு ஒரு நொடி தாமதமாகியிருந்தால் நானும் இல்லை, அவளும் இல்லை.

உனக்கு வாடை தெரியவில்லையா என்று அவனைக் கேட்டேன். "தெரிஞ்சுதுங்க. வாடை அடிக்குதுன்னு சொன்ன அக்காவ எல்லார் முன்னாடியும் துரத்திட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க வீட்ல நான் ஒருத்தன்தான் வேலைக்குப் போறேன்" என்றான். மத்தியானமே சொல்லாமல் போய்விட்டான்.

குழாயை மாற்றியாகிவிட்டது. ஆனாலும் ஐந்து நாளாக அடுப்பைப் பற்றவைக்கவில்லை. லைட்டரை எடுக்கிறேன், திரும்ப வைத்துவிடுகிறேன். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடையை மூடு என்கிறார். மூடிவிட்டு என்ன செய்வது? எனக்கு இதை விட்டால் வேறொன்றும் தெரியாதே. கடை கடையாக ஏறி, அவள் சொன்னதுதான் சரி, பொய் சொன்னது நான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது எங்களுக்கு அன்றைக்கே தெரியும் என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

நீ வராவிட்டாலும் கடை கடையாகப் போய் நான் ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான், அதில் மாற்றமில்லை. வந்தால், பழக வந்தவளாக வர வேண்டாம். மாவோ வெண்ணெயோ அடுப்போ, நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். உன் ஏப்ரனை இரண்டு தடவை துவைத்து வைத்திருக்கிறேன். வாடை போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும். "பத்த வைக்கலாம் அக்கா" என்று பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்ல வா, தாயே.

உன்னை அப்படிப் பேசிய,
அக்கா