தலைவர் இறங்காத ஊர்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நலம். தூக்கமெல்லாம் பிரசார விமானத்தில்தான்.

ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை நம் கட்சித் தலைவர் ஊருக்கு வரவில்லை. மண்டபம் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அம்மாவும் ஊருக்கே பிரோகிக் கொழுக்கட்டை செய்ய மாவு பிசைய வேண்டாம். ஜெயிக்க வாய்ப்புள்ள தொகுதிகளில்தான் இனி இறங்குவோம்.

நேற்று நம் கோதுமை வயல்களுக்கு மேலே பறந்தோம். தலைவர் ஜன்னலில் பார்த்துவிட்டு, "லாரிசா, உங்க ஊரு இங்கதானே? பயணப் பட்டியல்லேருந்து அதை யாரு வெட்டினது?" என்று கேட்டார்.

பிரசார மேலாளர் கோர்டன் முந்திக்கொண்டார்: "அவளேதான் சார் வெட்டினா! அங்க நமக்கு ஓட்டுப் போடுறது அவ அப்பா மட்டும்தானாம். அம்மாவே சந்தேகமாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஓட்டுக் கணக்கு சரிதான் அப்பா, நான்தான் போட்டேன்.

என் கம்பளிக் காலுறைகளை ஒட்டாவா முகவரிக்கு அனுப்புங்கள். அம்மா பின்னியவைதான் வேண்டும், கடையில் வாங்க வேண்டாம்.

விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள். வாசல் புல்லில் நீங்கள் அறைந்து வைத்த கட்சிப் பலகையை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். நேற்று மேலேயிருந்து அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

உங்கள்
லாரிசா