மேனேஜரின் கழுத்தும் ஏழு பிரஷ்களும்

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். வீட்டில் நலமில்லாதவர் நம் பொலிகாளை ஒருவர்தான். காலை பத்து மணிக்கு முன் எழுந்திருக்காததால் மேனேஜர் என்று பெயர் வைத்தாயே, அவர் கழுத்தில் நாலு மாதம் முன்பு பயறளவில் ஒரு மரு வந்தது, இப்போது கழுத்தே காலிஃபிளவர் தோட்டம். வளர்ப்போர் சங்கத்து ஆய்வாளர் கையெழுத்துப் போடாவிட்டால் இனவிருத்திப் பட்டியலில் மேனேஜர் பெயர் இருக்காது, விற்பதைத் தவிர வழியில்லை. உன் கல்யாணத்துக்குக்கூட இந்த மனுஷர் இவ்வளவு கவலைப்படவில்லை என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். நூல் கட்டினால் மரு விழுந்துவிடும் என்று உன் மாமா கட்டப் போனார், மேனேஜர் தலையை ஒரு ஆட்டு ஆட்டியதில் விழுந்தது மாமாதான். கடைசியில் மாட்டு டாக்டரம்மா வந்து, ஆறு கிடேரிகளுக்கும் மரு இருப்பதைக் கண்டுபிடித்தாள். தினமும் மேனேஜரில் தொடங்கி எல்லோரையும் ஒரே பிரஷ்ஷால் தேய்த்துவிடுகிறேன், என்னிடம் பாரபட்சம் கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன். "பாசத்தை எல்லாருக்கும் பங்கு வைங்க ஐயா, பிரஷ்ஷ வைக்காதீங்க," என்றாள். ஒரு மருவை வெட்டி எடுத்துப் போய் அதிலிருந்தே ஊசி மருந்து தயாரித்துப் போட்டாள், பொறுமையாக இருந்தால் பெரும்பாலும் தானாகவே உதிர்ந்துவிடும் என்றும் சொன்னாள். இப்போது தொழுவத்தில் ஏழு ஆணி, ஏழு பிரஷ்.

போன மாதம் ஆய்வாளர் வந்தபோது மூன்று மரு மிச்சம் இருந்தது. மேனேஜர் கழுத்தில் துண்டைச் சுற்றி, அவருக்குக் குளிர்கிறது என்றேன், எனக்கு வியர்த்து ஊற்றியது. ஆய்வாளர் துண்டை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆணிகளையும் பார்த்தார். "காளைக்கு ஒரு மாசம் மருத்துவ விடுப்பு, உங்களுக்குத்தான் ஒண்ணும் செய்ய முடியாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலை கடைசி மருவும் உதிர்ந்துவிட்டது. வியாழக்கிழமை கையெழுத்து. உதிர்ந்த மருவை உனக்கு அனுப்பத் தீப்பெட்டியில் எடுத்து வைத்திருந்தேன், அம்மா பார்த்துவிட்டாள், ஆகவே இத்துடன் எதுவும் இணைக்கவில்லை.

நீங்கள் இருவரும் நூறாண்டு நன்றாக இருங்கள். வரும்போது மறக்காமல் சொந்தச் சீப்பு கொண்டு வா. டாக்டரம்மா பேச்சைக் கேட்டு அம்மா குளியலறையிலும் சீப்பு மாட்ட ஆளுக்கொரு ஆணி அடித்துவிட்டாள், உன் பெயர் எழுதிய ஆணி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மூன்றாவது ஆணிக்காரர், உன் அப்பா