வெயிட்டு பின்னே மதி

மார்ச் 3, திங்கள்

படகு வந்து சேர்ந்துவிட்டது. கொச்சியில் மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து மகள் ஜெனி தன் சேமிப்பில் வாங்கியது. போடிமெட்டு வளைவுகளில் லாரியை இறக்குவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது என்று டிரைவர் புலம்பினார். இப்போது தேவாரம் ரோட்டில் என் ஃபைபர் பட்டறை வாசலில் நிற்கிறது. போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்க்கிறான். "தாஸண்ணே, கொட்டகுடி ஆத்துல விடப் போறீகளா?" என்று ஒருவன் கேட்டான். ஆற்றில் கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. நக்கல்.

இருபத்தெட்டு வருடப் பழைய படகு. ஜெனியை விட நான்கு வயது மூப்பு. கயிறு பிடித்துத் தண்ணீரில் சறுக்குகிறவர்களுக்காகக் கட்டியது. அவர்களுக்கு அலை ஆகாது, தண்ணீர் தட்டையாகக் கிடக்க வேண்டும். இவளுக்கு வேண்டியது நேர் எதிர். படகுக்குப் பின்னால் இடுப்பளவு அலை எழ வேண்டும், அதில் கயிறே இல்லாமல் பலகை மேல் நிற்க வேண்டும். அலையே வரக் கூடாது என்று செய்த படகில் அலை வரவழைக்க வேண்டுமாம். விற்றவன் இதைச் சொன்னானா என்று கேட்டேன். "தெரிஞ்சுதாம்ப்பா வாங்குனேன்" என்கிறாள். எனக்கென்னவோ விற்றவன் மேல் சந்தேகம்தான்.

மார்ச் 5, புதன்

லெந்து ஆரம்பம், இனி நாற்பது நாள் தவக்காலம். கோயிலுக்குப் போய் வந்தோம்.

விஷயத்தை ஒழுங்காக எழுதி வைக்கிறேன், பிற்பாடு யாரும் மாற்றிப் பேசக் கூடாது. ஜெனி ஜனவரியில் பெங்களூர் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் நீளமான ஏரி. சுற்றுலா வருகிறவர்களுக்கு அங்கே மிதிபடகு விடுகிறார்கள். அலையில் நிற்கக் கற்றுக்கொடுக்க ஏரியை இவளுக்கும் விடுவதாக எஸ்டேட் முதலாளி சொல்லியிருக்கிறார். ஆனால் ஏப்ரல் பதினைந்துக்குள் அலையைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் புதுப் படகோடு வேறு பார்ட்டி தயாராக இருக்கிறது. இவள் மறுபடி பெங்களூர் பஸ் ஏற வேண்டும்.

எனக்கு இவள் போகக் கூடாது. அவ்வளவுதான். அதை அவளிடம் சொல்லவில்லை.

படகுக்கு அடியில் படுத்து, படகைத் தள்ளுகிற விசிறி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன், பின்னால் நிற்கிற பிள்ளையின் காலை வெட்டுமோ என்று. விசிறி உள்ளடங்கி, வயிற்றுக்குக் கீழே இருக்கிறது. "அதனாலதாம்ப்பா இந்த மாடல். பின்னாடி மோட்டார் தொங்குற படகுல இதச் செய்யவே கூடாது" என்றாள். சரி. இருந்தாலும் இன்னொரு தடவை படுத்துப் பார்த்தேன். என் மனைவி ஷீலா வாசலில் நின்று, "ஒங்களுக்கு ஒங்க நெழலு மேலயும் சந்தேகம்" என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

பலகை முடிந்தது. ஏறி நிற்கிற பலகை இல்லை, படகில் ஒட்டுகிற பலகை.

சூட்சுமம் இதுதான். படகு போகும்போது தண்ணீர் இரண்டாகப் பிளந்து, பின்னால் வந்து மோதிக் கலைந்துவிடுகிறது. ஒரு பக்கத்துத் தண்ணீரைக் கொஞ்சம் வெளியே தள்ளித் தாமதப்படுத்தினால், மறுபக்கத்து அலை கலையாமல் சுத்தமாக எழும். அதற்குப் படகின் விலாவில், பின்பக்கமாக ஒரு பலகை ஒட்ட வேண்டும். வெளிநாட்டில் ரெடிமேடாக விற்கிறதாம். நான் எதற்கு இருக்கிறேன்? ஃபைபரில் இரண்டடி நீளத்துக்கு, விளிம்பை வளைத்து வார்த்தேன். ஒட்டுவதற்குக் கண்ணாடிக் கடைக்காரர்கள் பெரிய கண்ணாடி தூக்குகிற ரப்பர் கப்பு மூன்று.

படகு தாழ்ந்து போனால்தான் அலை பெரிதாகும், அதற்கு எடை வேண்டும். எஸ்டேட்டில் குளம் வெட்டி விரிப்பார்களே, அந்தப் படுதாவைச் சூடு வைத்து ஒட்டி மூன்று பைகள் செய்தேன். தண்ணீர் நிரப்பினால் ஒன்று நூற்றைம்பது கிலோ. சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஜெனி பை மேல் ஏறிக் குதித்துப் பார்த்தாள். பார்க்க நன்றாக இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

படகு ஏரியில் இறங்கிவிட்டது. கோயிலுக்குப் போகவில்லை, ஷீலாவுக்குக் கோபம்.

ஏரியில் மிதிபடகுகளைப் பார்த்துக்கொள்வது சாக்கோ என்று ஒரு ஆள். வயது ஐம்பத்தைந்து இருக்கும். கொச்சிப் பக்கம் பெரிய படகுகளெல்லாம் ஓட்டியவராம். மேனேஜர் திருப்பதி, "எல்லாம் சாக்கோ பாத்துக்குவாரு" என்று கைகாட்டிவிட்டார். சாக்கோ வந்ததும் வராததுமாக நான் சாப்பிட்டேனா, எனக்கு சுகர் உண்டா, போடியில் மழை உண்டா, ஷீலாவுக்கு எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இவ்வளவு பேசுகிற ஆளை எனக்குப் பிடிப்பதில்லை. ஏதோ ஒன்றை மறைக்கத்தான் இவ்வளவு பேச்சு.

முதல் ஓட்டத்திலேயே பலகை பிய்த்துக்கொண்டு தண்ணீரில் போய்விட்டது. கயிறு கட்டாமல் விட்டது என் தப்பு. சாக்கோ சட்டையைக் கழற்றிப்போட்டு மூழ்கினார். முக்கால் மணி நேரம், அந்தக் குளிர்ந்த தண்ணீரில், சேற்றைத் தடவித் தடவி எடுத்து வந்தார். ஜெனிக்கு ஒரே சந்தோஷம். ஆனால் என் கையில் கொடுக்கும் முன்னால் பலகையை இப்படியும் அப்படியும் திருப்பி, ஜாண் போட்டு அளந்தார். நான் பார்த்தேன். எதற்கு அளக்க வேண்டும்?

மார்ச் 20, வியாழன்

சாக்கோவின் தங்கை மகன் படகு டிரைவராம். வேலை இல்லாமல் இருக்கிறானாம். புதுப் படகோடு காத்திருக்கிற அந்தப் பார்ட்டிக்கும் ஒரு டிரைவர் வேண்டுமே. திருப்பதிதான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

இன்று சாக்கோ என் பலகையைப் போனில் படம் எடுத்தார். நான்கு பக்கமும். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "கொச்சியில ஒரு கூட்டுகாரன் உண்டு தாஸண்ணா, அவனுக்கு இது அறியும். எவிட ஒட்டணும்னு கேக்கலாம்" என்றார். சிநேகிதனா, தங்கை மகனா?

ஜெனியிடம் சொன்னேன். "அப்பா, நிறுத்துங்கப்பா" என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

படகின் அடித் தக்கையைக் காணோம். தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைக்கிற பித்தளைத் தக்கை. அது இல்லாமல் இறக்கினால் படகு முழுகிப்போகும். தேடினால், சாக்கோவின் சட்டைப்பையில்!

கரையில் ஏற்றிப் போட்டால் மழைத் தண்ணீர் வடியத் தக்கையைக் கழற்றி வைப்பது வழக்கமாம். ஜெனியும் அதையேதான் சொல்கிறாள். இருக்கட்டும். கழற்றினால் படகிலேயே வைக்கலாமே. பைக்குள் எதற்கு?

அலை முழங்கால் அளவுக்கு வருகிறது. நுரையாக, கலங்கலாக. இடுப்பு எங்கே, முழங்கால் எங்கே. இன்னும் இருபத்து மூன்று நாள்.

மார்ச் 28, வெள்ளி

கொச்சியிலிருந்து பதில் வந்ததாம். பலகையை ஒரு ஜாண் மேலே ஏற்றி ஒட்டச் சொன்னார்களாம். நாளை செய்து பார்க்கிறோம். சாக்கோவுக்குக் காய்ச்சல், வர மாட்டார். நல்லதாகப் போயிற்று.

மார்ச் 29, சனி

எழுதப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுத வேண்டும்.

காலையில் சாக்கோவிடமிருந்து ஜெனி போனுக்கு ஒரு குரல் செய்தி. இருமலுக்கு நடுவில், "பலக ஒட்டிக்கோ மோளே. வெயிட்டு பின்னே மதி. ஞான் வந்நிட்டு" என்றார். அதோடு நின்றுவிட்டது. வந்துட்டு என்ன செய்வாராம்? பாதியில் வைத்துவிட்டார். போகட்டும், வேண்டியது கிடைத்துவிட்டது. எனக்கு மலையாளம் தெரியாதா? முப்பது வருடமாக எஸ்டேட்டுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கொண்டுபோகிறேன். மதி என்றால் போதும். வெயிட்டு பின்னால் இருந்தால் போதும்.

"முன்னாடி ஒரு பை வைப்போமேப்பா" என்றாள் ஜெனி. "அனுபவஸ்தன் சொல்றான், கேளு" என்றேன். என் வாயால்! மூன்று பையையும் பின்னால் போட்டு நிரப்பினேன்.

ஜெனி ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அலை எழுந்தது, கண்ணால் பார்த்தேன், இடுப்பளவு. எங்கள் முகத்தில் சிரிப்பு. ஏரி முடிகிற இடத்தில் அவள் வேகத்தைக் குறைத்தாள். படகு நின்றது, அலை நிற்கவில்லை. பின்னாலிருந்து அப்படியே ஏறி உள்ளே விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. பின்பக்கம் அமுங்கி, மூக்கு வானத்தைப் பார்த்துவிட்டது. ஜெனி ஸ்டியரிங்கில் மோதி தண்ணீரில் விழுந்தாள். ஒரு நிமிஷம் அவளைக் காணோம். ஆண்டவரே, ஒரு முழு நிமிஷம்.

மிதிபடகுகளில் வந்து இழுத்தார்கள். தாடையில் நான்கு தையல். பிள்ளை சிரிக்கிறது, "வலிக்கலப்பா" என்று.

பின்னால் போதும் என்றானே. வேண்டுமென்றே சொல்லியிருக்கிறான். காய்ச்சலாம் காய்ச்சல்! படகு முழுகட்டும், தங்கை மகன் வரட்டும் என்று. எம்புள்ளய தண்ணியில தள்ளிட்டான்டா பாவி. அவன் சொன்னதை நான் மறுபேச்சில்லாமல் கேட்டது இந்த ஒரு தடவைதான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

திருப்பதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அளந்தது, படம் எடுத்தது, தக்கை, குரல் செய்தி. ஜெனி கூடாது கூடாது என்றாள். சாக்கோ அங்கேயே நின்றிருந்தார், காய்ச்சல் விட்ட முகத்தோடு. "உன் தங்கச்சி மவனுக்காக எம்மகளக் கொல்லப் பாத்தியா?" என்று கேட்டேன். மிதிபடகில் இருந்த வெளியூர்க்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாய் திறந்தார், பேச்சு வரவில்லை. பேசாமல் இருந்தாலே தெரியவில்லையா?

அவரை ஏரிப் பக்கம் வர வேண்டாம் என்று திருப்பதி சொல்லிவிட்டார். சரியான முடிவு.

ஏப்ரல் 2, புதன்

எஞ்சினைப் பிரித்துத் தண்ணீரை எடுத்தோம். ஓடுகிறது. ஜெனி ஸ்பேனரை என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

காலையில் எஸ்டேட் ஜீப்பில் ஏறினேன். பன்னிரண்டு பேர் உட்கார்கிற வண்டியில் பதினெட்டுப் பேர், எல்லாம் காய் எடுக்கப் போகிற ஆட்கள். ஏரியில் நடந்தது ஜீப் முழுக்கத் தெரிந்திருக்கிறது. "சாக்கோ அப்படிப்பட்ட ஆளு இல்லண்ணே" என்று ஆரம்பித்தாள் மாயக்காள் என்கிற பெண். இருபது வருடமாக மலைக்கு வேலைக்குப் போகிறவளாம். எனக்குச் சுருக்கென்றது. ஆதாரம் வேண்டுமா? ஜெனி எனக்கு அனுப்பியிருந்த அந்தக் குரல் செய்தியை சத்தமாக வைத்தேன். "கேளு. வெயிட்டு பின்னே மதி. பின்னால போதும்னு சொல்றானா இல்லையா?"

மாயக்காள் இன்னொரு முறை வைக்கச் சொன்னாள். வைத்தேன். ஜீப்பில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

"அண்ணே, அவுக பேச்சுல பின்னேன்னா நம்ம பெறகு. பின்னாடின்னு சொல்லணும்னா பெறகில்னு சொல்லுவாக. அப்படியே தலகீழு. வந்நிட்டுன்னா வந்த பெறகு. வெயிட்ட பெறகு வச்சாப் போதும், நான் வந்துட்டு வச்சுக்கலாம்னு சொல்லிருக்காரு. காச்சக்கார மனுசன்."

எட்டாவது வளைவோ ஒன்பதாவதோ, நினைவில்லை. இறங்கிவிடலாம் போல இருந்தது. பாதியில் நின்றுபோன செய்தி என்று நினைத்தேனே. பாதி இல்லை. முழுசாகத்தான் சொல்லியிருக்கிறார். முப்பது வருடம்... எனக்கு மலையாளம் தெரியுமாம்.

தங்கை மகன் பற்றித் திருப்பதியிடம் கேட்டேன். துபாய்க்குப் போக விசா வந்து பத்து நாளாகிறதாம்.

ஏப்ரல் 5, சனி

ஜெனியையும் கூட்டிக்கொண்டு சாக்கோ வீட்டுக்குப் போனேன். தெரியாமல் பேசிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பழகியது, அங்கே போனதும் அவ்வளவுதான் வந்தது. அவர் ஜெனியின் தாடையைத் திருப்பித் தையலைப் பார்த்தார். பிறகு என்னிடம், "தாஸண்ணா, ஆ பலக ஞான் முங்கி எடுத்ததல்லே?" என்று மட்டும் கேட்டார்.

முக்கால் மணி நேரம் மூழ்கி எடுத்தது அவர்தானே. அழுதுவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில், அடுத்தவர் வீட்டு வாசலில்.

ஏரிக்குத் திரும்பி வர அவர் ஒத்துக்கொண்டார், ஜெனிக்காக. ஒரு நிபந்தனை. "இனி ஞான் வாய் கொண்டு ஒண்ணும் பறயில்லா. எழுதும். நிங்க ஒப்பு வெக்கணும்." இனி வாயால் சொல்ல மாட்டாராம், எழுதித் தருவாராம், நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடுகிறேன் என்றேன். திருப்பதியிடம் நானே பேசினேன். என் வார்த்தையில்தானே அவரை நிறுத்தினார்.

ஏப்ரல் 14, திங்கள்

முதலாளி வந்து பார்த்தார். இரண்டு பை பின்னால், ஒன்று முன்னால், பலகை ஒரு ஜாண் மேலே. மணிக்குப் பதினேழு கிலோமீட்டர். அலை கண்ணாடி மாதிரி எழுந்தது. ஜெனி கயிற்றைப் பிடித்து எழுந்து, அதைத் தூக்கி எறிந்துவிட்டு நின்றாள், தாடையில் பிளாஸ்திரியோடு. ஏரியின் அந்தக் கோடி வரைக்கும் விழவில்லை. நிறுத்தும்போது சாக்கோ படகை மெல்லத் திருப்பினார், அலை பக்கவாட்டில் போய்விட்டது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

ஏரி எங்களுக்குத்தான். ஜெனி போக மாட்டாள். ஷீலாவுக்குப் போன் செய்தேன், சொல்ல முடியாமல் ஜெனியிடம் கொடுத்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

காலை ஆராதனை முடித்துவிட்டு ஏரிக்குப் போனேன். இன்று ஒன்பது பேர் கற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். ஜெனிக்கு மூச்சுவிட நேரமில்லை, தொண்டை கட்டிப்போயிருக்கிறது.

சாக்கோ எல்லோரிடமும் பேசுகிறார். மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் அவர்கள் வீட்டு நாய் வரைக்கும் விசாரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தார். ஜெனி கையெழுத்தில் தமிழில் இருந்தது: பை மூன்று, பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று, பலகை வலது விலாவில். கீழே அவர் கையெழுத்தும் தேதியும். என் பெயருக்கு நேராக ஒரு பெருக்கல் குறி.

வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். நோட்டை வாங்கினார். முந்தின ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திருப்பி, அங்கே இருந்த என் கையெழுத்தோடு இன்றைய கையெழுத்தைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் படகுக்குச் சாவியைப் போட்டார்.