பதினோராம் பாகத்துக்குப் பதில் ஐந்தாம் பாகம்

கார்த்திகை, வெள்ளி இரவு.

இரத்தினகிரி வேலவனே, கசந்த மனத்தோடு எழுதும் இக்கையைப் பொய்யினின்று காப்பாய்.

கரீம் பாய்க்குப் பார்வை மங்கியதிலிருந்து வெள்ளிதோறும் ஆம்பூர் சென்று, ஒரு மாயாஜால நாவல் வரிசையை வாசித்துக் காட்டுகிறேன். முதலிரு பாகங்களில் காப்பியச் சுவை கண்டு, அவருக்கு அதை அறிமுகம் செய்தவன் நானே. இன்று பதினோராம் பாகத்தைத் தொடர்ந்தேன். சாபம், தொலைந்த இளவரசன், பேசும் வாள். நாற்பது பக்கம் கடந்தபின் அட்டையைப் பார்த்தால், அது ஐந்தாம் பாகம். சென்ற வாரம் விட்ட இடத்திலிருந்து கதை தடையின்றி ஓடியிருக்கிறது.

வெட்கத்தோடு சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும் சாமி. அலமாரியிலேர்ந்து எடுத்துக் குடுத்ததே நான்தானே. நாப்பது வருசம் தோலைத் தொட்டுத் தரம் பிரிச்ச கை, புக்கு தடிமன் தெரியாதா?"

"அப்பவே சொல்றதுக்கு இன்னா பாய்?"

"சொல்லி இன்னா ஆவப்போவுது? எல்லாம் ஒண்ணுதானே. மூணு வருசமா ஒரே பேஜாரு. நீங்க ஆசையா படிக்கிறீங்களேன்னு கம்முனு இருந்தேன்."

"நான் உங்களுக்காகத்தான் படிச்சேன்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாவலாசிரியரை அன்று வாயாரப் புகழ்ந்த என் நாவையே கடிந்துகொண்டேன். வேறு நூல் கொண்டுவரட்டுமா என்று கேட்கவும் அந்த நா எழவில்லை. அடுத்த வெள்ளி வாருங்கள் என்று அவரும் சொல்லவில்லை.

அவர் இல்லமும், என் இல்லமும், என்றேனும் இந்த ஏட்டைப் பிரித்துப் படிப்பவர் இல்லமும் குறைவின்றி வாழ்க.